கூரையில் நான்கு விரல்

அம்மா,

இன்று மத்தியானம் ஒரு தெர்மகோல் கூரையின் மேல் நான்கு விரல் தடம் பார்த்தேன். வெள்ளைக் கூரை, பழுப்புத் தடம், பக்கத்தில் காய்ந்த பசையின் புளித்த வாசனை. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு மலையை விட்டிறங்கி, பாலக்காட்டில் டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தேன். பயிற்சிக்காகத் தமிழ்நாட்டு எல்லையோரம் வேலந்தாவளத்துப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பை ஒரு மாதம் என்னிடம் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ‘எங்கள் ஊர்’ என்று மாதிரி செய்து கொண்டுவந்திருந்தார்கள். மார்க் போடும் தாளில் நான்கு கட்டம். கடைசிக் கட்டம் சுத்தம். அன்றன்றைக்கு நான் என்ன கற்றேன் என்று என் ரெக்கார்டு நோட்டிலும் எழுத வேண்டும். கூடப் பயிற்சிக்கு வந்திருக்கும் தோழி அந்தக் கூரையைப் பார்த்துவிட்டு, “சுத்தத்துல ரெண்டு கொறைச்சிரு” என்றாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்களுக்கும் இதே வேலைதான். நான் தெர்மகோலில் தேயிலை பாக்டரி வெட்டி வைத்துவிட்டு, செடிக்கு என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தேன். நீ கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் எட்டிப் பார்த்தாய். “பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் இருக்குல்லா, அதைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டு. அச்சு அசல் தேயிலைதான்” என்றாய். நான் நெருக்கமாக ஒட்டிக்கொண்டே போனேன். நீ சிரித்தாய். “வழி விடாம செடி வச்சா, ஆளு எங்கிட்டு நின்னு கொழுந்து எடுக்கும்ட்டி?” பிறகு நீயே கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வரிசை வரிசையாக வழி விட்டு ஒட்டினாய். கடைசியில் பாக்டரிக் கூரையைத் தூக்கி வைத்து, பசை பிடிக்கும்வரை நான்கு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாய்.

தேயிலைக் கறை கழுவினால் போகிற கறை இல்லை. பசை ஈரத்தில் அது கூரையில் இறங்கிவிட்டது. காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து மறைத்துப் பார்த்தேன், இன்னும் கெட்டுப்போனது.

மார்க் போட வந்த டீச்சர் செடிகளுக்கு நடுவே இருந்த வழியைக் காட்டி வகுப்பு முழுக்கக் கேட்கும்படி புகழ்ந்தார். பிறகு கூரையைப் பார்த்து, “வேலை நல்லாருக்கு, சுத்தம்தான் போதாது” என்றார். இரண்டாம் பரிசு. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் என்று நீயே சொல்வாய். வீட்டுக்கு வந்து சான்றிதழை உன் முன்னால் எறிந்தேன். “எல்லாம் உன் கையாலதான். இனிமே என் சாமான் எதையும் தொடாதே.”

நீ உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாய். “கழுவிட்டுத்தாம்ட்டி தொட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாய். என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அதன் பிறகு நீ தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சைத் தோலை வைத்து விரல்களைத் தேய்ப்பாய். வெடிப்பில் சாறு இறங்கி எரியும், உதட்டைக் கடித்துக்கொள்வாய். எட்டாம் வகுப்பில் துணிப்பூ கட்டும்போது நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் உன்னைக் கூப்பிட்டேன். நீ இரண்டு கைகளிலும் கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். நீ விளையாட்டுக்காகச் செய்ததாகத்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். எட்டு மாதம் நீ கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. கட்டிலும் சுவருமாக இருந்தாய். ஒருநாள் கஞ்சி கொடுக்க வந்தபோது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நகக்கண்கூட வெளுத்திருந்தது. “பாரு, இப்ப நல்லா வெளுத்துருச்சு. ஏதாச்சும் ஒட்டணும்னா குடுட்டி, சும்மாதான கிடக்கேன்” என்றாய். நான் அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தேன், ஒட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. “பேசாம படும்மா” என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஆற்றினேன்.

ஒரு காகிதத்தையாவது கிழித்துக் கொடுத்திருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இன்று சாயங்காலம் அந்தக் கூரைக்குரிய பெண்ணைக் கூட்டிப்போக அவளுடைய அம்மா வந்தார். வாசலிலேயே நின்று கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். “ஏனுங் டீச்சர், அந்தக் கூரையை நாந்தானுங்க ஒட்டிக் குடுத்தேன். வாழைத்தார் வெட்டுன கைங்க. கழுவிப்போட்டுத்தானுங்க தொட்டேன். புள்ளைக்கு மார்க்கைக் கொறைச்சுப்போடாதீங்க” என்றார்.

நான் மாதிரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “இதக் கண்காட்சி மேசைக்குக் கொண்டுபோகணும், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க” என்றேன். அவர் தயங்கினார். கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்தார். “வெறுங்கையாலயே பிடிங்க” என்று மறுபடியும் சொன்னேன். பிடித்தார். இரண்டு பேரும் மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய், எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்வரிசையில் வைத்தோம். சுத்தத்துக்கு முழு மார்க் போட்டேன். மேற்பார்வைக்கு வருகிறவர் ஏன் என்று கேட்பார். கேட்கட்டும்.

ரெக்கார்டு நோட்டில் இன்றைய பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் எழுத வேண்டியதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, உன் கை எதையும் அழுக்காக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது.