டெக்ஸின் அறையில் சிகரெட் வாடை

அன்பு மகள் கோராவுக்கு,

அம்மா வில்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமா மெர்லும் உயிரோடு இருக்கிறோம், நீயும் என் பேரன் டெக்ஸும் அங்கே ஓரிகனில் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழுவாய், நான் கத்துவேன், சங்கதி பாதியில் நிற்கும்.

வீட்டு வேலை முடிந்தது. உன் அப்பா சாகிற வரை இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஊதித் தள்ளிய சிகரெட் புகை எங்கேயும் போகவில்லை, சுவர் சுவராக ஊறிக் கிடந்தது. மூச்சிழுப்பு உள்ள குழந்தையை இதற்குள் படுக்க வைத்தால் விடிவதற்குள் ஆஸ்பத்திரிதான், அதனால்தான் நீ வருகிறேன் என்றதுமே வேலையை ஆரம்பித்தேன். தரைக் கம்பளத்தைக் கத்தியால் கிழித்துக் கொல்லையில் போட்டு எரித்தோம், திரைச்சீலைகளும் அவர் நாற்காலியும் அதே நெருப்பில் போயின. மெர்லுக்குப் பொறுமை கிடையாது, இந்த ஊர் ஆண்களுக்கு எல்லா நோய்க்கும் வெள்ளைப் பெயிண்ட் ஒன்றே மருந்து, கழுவாமல் கொள்ளாமல் அப்படியே அடித்துவிட்டு பாருக்கா, பால் மாதிரி இருக்கு என்றான். மழை பெய்து ஈரம் ஏறியதும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு நீர் துளித்துளியாகக் கசிந்தது, புண்ணில் போட்ட கட்டு நனைவது போல, நாற்றமும் கூடவே திரும்பியது. வந்த ஆத்திரத்தில் சம்மட்டியைத் தூக்கி, டெக்ஸுக்கு என்று வைத்த அறையின் சுவர்ப்பூச்சை உள்ளே இருக்கிற மரக்கட்டை தெரிகிற வரை உடைத்துப் போட்டு, புதிதாகப் பூச வைத்தேன். மற்ற அறைகளைக் சலவைக் காரம் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கறை வெளியே கசியாதபடி அரக்குப் பூச்சு அடித்து மூடி, அது காய்ந்த பிறகே பெயிண்ட். ஒருநாள் நடு வீட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், உன் அப்பா எங்கேயும் இல்லை, அழுகை வந்துவிட்டது.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. தவக்காலம் அல்லவா, வெள்ளியில் கறி கிடையாது, போன வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் பொரித்துப் போட்டார்கள், சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். மெர்ல் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் சிகரெட் வாடை. ஒரு நொடி அவர்தான் வந்துவிட்டார் என்று என் வெட்கம் கெட்ட மனசு குதித்தது. பிறகுதான் அது புதினா சிகரெட்டின் நெடி என்று தெரிந்தது, அதை உன் அப்பா தொட்டதே இல்லை. உன் பல்லை உடைத்து உன்னை ஓரிகன் வரை ஓட வைத்த டிராவிஸ், உன் புருஷன், டெக்ஸின் கட்டிலில் காலை நீட்டிப் புகைத்துக்கொண்டிருந்தான். என்ன வில்மா, வீட்டையே பிரிச்சு மேஞ்சுட்ட போல, எம் பொண்டாட்டி எப்ப வர்றா என்று சிரித்தான். வெளியே போடா நாயே என்றேன். எழுந்து வந்து, எரிகிற சிகரெட்டைப் புதுச் சுவரில் வைத்து நசுக்கினான்.

மூலையில் ஆணி பிடுங்குகிற கம்பி கிடந்தது. நான் குனிவதற்குள் என் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதினான், கதவை இழுத்துச் சாத்தினான், என் விரல்கள் இடுக்கில் நசுங்கின. இடது கையால்தான் கம்பியை எடுத்து அடித்தேன். முதல் அடி தோளில், இரண்டாவது அவன் மணிக்கட்டில், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன், கோரா, பொய் சொல்ல மாட்டேன். மெர்ல் ஓடி வந்து விடுக்கா, செத்துத் தொலைவான் என்று கம்பியைப் பிடுங்கினான், சாகட்டும் என்றேன். போலீஸ் வருகிற வரை மெர்ல் அவன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான், உன் மாமாவின் எடைதான் உனக்குத் தெரியுமே.

அடியில் கிடந்தபடியே அவன் சொன்னான், அவதான் வரச் சொன்னா, வாராவாரம் போன்ல பேசறா, சாவி எங்க இருக்குன்னு அவதான் சொன்னா என்று. குடிகாரன் உளறல் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை, வாசற்படிக்கு அடியில் ஆணியில் மாட்டியிருந்த சாவியைக் காணோம். அந்த இடம் எனக்கும் மெர்லுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவன் இப்போது உள்ளே இருக்கிறான். வழக்கு வரும்போது நீ கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று நீதிபதியிடமும் சொல்வான். நீ வந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ முதலில் என் முகத்தைப் பார்த்துச் சொல். பூட்டை மாற்றிவிட்டேன், உன் சாவியைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வந்தால் என் கையால் தருவேன், உன் பதில் எதுவானாலும் சோறு போடுவேன். நீ மறுபடியும் அவனிடம்தான் போவாய் என்றால் போ, உன்னை அடித்துத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் டெக்ஸை விமானத்தில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிடு.

அவன் இழுப்பு மருந்தைப் பெட்டியில் போடாதே, அவன் கையிலேயே கொடு. கர்த்தர் உன் புத்தியையும் அவன் மூச்சையும் காக்கட்டும்.

கோபத்தோடும் ஆசையோடும்,
அம்மா வில்மா