ஜெயந்தியின்ர கடிதத்தைத் திருத்தினது ஆர்

ஜூன் 3, திங்கள்

விடிய மழை. பிறகு ஒரே புழுக்கம். லிப்ட் வேலை செய்யேல்ல, நாலு மாடியும் நடை. முழங்கால் விண்விண் எண்டு நோ.

பின்னேரம் இங்கிலிஷ் வகுப்பு, எட்டுப் பேர். பாடம்: சின்னச் சின்ன வசனங்களைச் சேர்த்து ஒண்டாக்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்லாமல் எழுதுறது. பதினாறு வருசமா இதே பாடம், இதே உதாரணம். திருப்பிச் சொல்லாதேங்கோ எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு. அலுத்துப்போச்சு.

ஒரு பெடியன் கேட்டான்: "டீச்சர், ரெண்டு வசனமா எழுதினா பொலிஸ் பிடிக்குமோ?" எல்லாரும் சிரிச்சவை. நானும்தான்.

வாங்க: நெத்தலி, பல்ப், தலையிடிக் குளிசை.

ஜூன் 5, புதன்

ஜெயந்தி வந்தவள். போன வருசம் என்னட்டப் படிச்ச பிள்ளை, கொட்டாஞ்சேனையில ஒரு பாமசியில வேலை. புருசன் இங்கிலாந்தில. கலியாணம் முடிஞ்சு ரெண்டு வருசம். ஒண்டா இருந்தது பத்தொன்பது நாள்.

விசா இல்லையெண்டு கடிதம் வந்திருக்கு. வாசிச்சன். தன்ர கலியாணத்தைப் பற்றி அவள் எழுதிக் குடுத்தது, வேற ரெண்டு பேர் குடுத்தது மாதிரியே இருக்காம். அவளின்ர சொந்தச் சொல்லாத் தெரியேல்லையாம். கலியாணமே மெய்யோ எண்டு சந்தேகமாம்.

மற்ற ரெண்டும் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியும். ரெண்டும் என்ர வகுப்புப் பிள்ளையள். மூண்டையும் திருத்தினது நான்.

அவள் முதல் கொண்டுவந்தது இப்பவும் ஞாபகம். என்ர புருசன் வந்தார். என்ர புருசன் என்னோட மார்க்கெட்டுக்கு வந்தார். என்ர புருசனுக்கு மீன் வெட்டத் தெரியாது. பக்கம் முழுக்க இப்பிடித்தான், இங்கிலிஷில. நான் எல்லாத்தையும் சேர்த்து நாலு நீட்டு வசனமாக்கினன். மீன் கதை தேவையில்லை எண்டு எடுத்தும் போட்டன்.

அவள் என்னை ஏசேல்ல. ஏசியிருந்தா நல்லாயிருக்கும்.

ஜூன் 6, வியாழன்

ஜெ. திரும்ப விசாவுக்குப் போடப்போறாள். அவளின்ர லோயர் சொன்னாவாம், முந்தின கடிதத்தைத் திருத்தினவர் தான் என்ன செய்தது எண்டு எழுதித் தந்தா உதவும் எண்டு. புதுசா ஒண்டு அவளே எழுதுவாள். மற்றது நான் எழுத வேணும்.

தங்கச்சி: "அக்கா, உனக்கென்ன விசரே? உன்ர பேரில எழுதிக் குடுத்தா, பிறகு ஆர் உன்னட்டப் படிக்க வருவினம்?"

அவள் சொல்றதும் சரிதான். இந்த வகுப்பிலதான் ரெண்டு பேரும் சாப்பிடுறம். பயமாத்தான் கிடக்கு.

சோறு குழைஞ்சுபோச்சு. ஒண்டிலயும் மனமில்லை.

ஜூன் 8, சனி

மழை விடேல்ல. வெள்ளவத்தை ரோட்டு முழுக்கத் தண்ணி. வகுப்புக்கு மூண்டே பேர், வேளைக்கே அனுப்பிட்டன்.

கடிதம் எழுதி முடிச்சன். ஒரே வசனம், ஏழு வரி. தமிழில சொன்னா இப்பிடி வரும்: விண்ணப்பதாரி வழங்கிய தகவல்களையே அடிப்படையாகக் கொண்டிருந்தபோதிலும், மேற்படி கடிதத்தில் மொழிநடை கருதிச் சில மாற்றங்கள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. இப்பிடியே போகும். ஒரு சொல்லும் ரெண்டு தரம் வரேல்ல. உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமை வேற. வெட்கக்கேடு.

ஜெயந்தி வேலை முடிஞ்சு நனைஞ்சுகொண்டு வந்தாள். ஆறுதலா வாசிச்சாள்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

வாங்கித் தேடிப் பார்த்தன். நான் இல்லை.

"இரும் பிள்ளை, வேற எழுதுறன்." பிளேன்டீ ஊத்திக் குடுத்திட்டு மேசையில இருந்தன். கால் மணித்தியாலமும் ஆகேல்ல.

நான் ஜெயந்திக்கு இங்கிலிஷ் படிப்பித்தேன். நான் அவளுடைய கடிதத்தை வாங்கினேன். நான் அவளுடைய வசனங்களை அழித்தேன். நான் என் வசனங்களை எழுதினேன். நான் அதே வசனங்களை இன்னும் இரண்டு பேருக்கும் எழுதினேன். அவள் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

வகுப்பில ஆரும் இப்பிடி எழுதித் தந்திருந்தா பக்கம் முழுக்கச் சிவப்படிச்சிருப்பன்.

கீழ முழுப்பேர், விலாசம், போன் நம்பர். கையெழுத்தும் போட்டிட்டு நீட்டினன்.

வாசிச்சு முடிய நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா டீச்சர். இப்பிடித்தான் நடந்துச்சு."