அந்தரத்தில் நின்ற பந்து

புனே, ஜூலை 2009

நைனாவுக்கு ஜெய்பீம், அம்மாவுக்கும். உங்கள் இருமல் குறைந்ததா? மணலிப் புகை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு பாரி நம்ம ஜன்னலில் வெப்கேமை வைத்து, கீழே மைதானத்தில் தங்கச்சி மாயா ஆடிய மேட்சைக் காட்டினான். கடைசி பெனால்டியை அவள்தான் உதைத்தாள். கிளம்பிய பந்து என் கம்ப்யூட்டரில் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது, பகல் நிலா மாதிரி. பார்த்துக்கொண்டே நானும் நம்ம ஹவுசிங் போர்டுக்கு மேலே மிதந்தேன், நைனா.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், பிளான் அன்லிமிடெட்தானாம், நிறையப் பார்த்தால் ஸ்பீடை மட்டும் குறைப்பார்களாம். ஃபுல் மீல்ஸ் என்று உட்காரவைத்து, பாதியில் ஸ்பூனால் சோறு போடுகிற கதை.

பாரி போனில், "இன்னா மாமு, பாதில கட் பண்ணிகினு போய்ட்ட? மாயா ஒரே அழுவாச்சி. இனிமே அண்ணன்கூட பேச மாட்டேன்னு சொல்லிகினு கீது" என்றான்.

நான் கட் பண்ணவில்லை என்று அவளிடம் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கருவாடும் அனுப்புங்கள், ரூமில் வாசனையாவது இருக்கட்டும்.

என்னை வேலைக்குக் கூட்டிப்போகிற ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. கோல் விழுந்ததா என்று பாரி சொல்ல வந்தான், நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாயாவே சொல்லட்டும்.

சித்தார்த்