ஒரு குவளை ஊர்த்தண்ணீர்

பிப்ரவரி 11, தஞ்சாவூர்

இரண்டு தொட்டியும் ஒளிர்கிறது. பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்கு அழுகை வருகிறது.

காரப்பொடி மீனின் தொண்டையில் குடியிருந்து விளக்கேற்றுகிற பாக்டீரியாவுக்கு மீன் சும்மா இடம் கொடுப்பதில்லை. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்தப் பெராக்சைடைச் சுரந்து எரிக்கும். கேட்டலேஸ் என்ற நொதியால் அதை உடைத்துத்தான் பாக்டீரியா தாக்குப்பிடிக்கிறது என்பது என் கட்சி. நொதியை நீக்கி நான் வளர்த்தவனுக்கு 'நுரையாதான்' என்று பெயர். இன்னும் விளக்கு ஏறாத குஞ்சுகளில் முதல் தொட்டிக்குச் சாதாரணப் பாக்டீரியா, இரண்டாவதற்கு நுரையாதான். இரண்டாவது இருட்டாக இருந்திருக்க வேண்டும்!

பிப்ரவரி 13

ஆராய்ச்சி கைடு ஸ்ரீரஞ்சனி மேடம் திட்டவில்லை. அதுதான் பயம்.

"நொதி இல்லாமலே அது இருந்துக்குதுன்னா உன் கேள்வியே போச்சு ஜீவிதா. மார்ச் கடைசியில கமிட்டி. தலைப்பை மாத்திடலாமா?"

"ஒரு வாரம் குடுங்க மேடம்" என்றேன்.

பிப்ரவரி 14

மாத்த மாட்டேன்.

பிப்ரவரி 17

இரண்டாம் தொட்டி மீனின் தொண்டையிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாமேல் ஒரு சொட்டுப் பெராக்சைடு விட்டேன். சோடா மாதிரி பொங்கியது. அப்படியானால் இது நுரையாதானே இல்லை. வேறு எவனோ முந்திக்கொண்டு குடியேறியிருக்கிறான். எப்படி உள்ளே வந்தான்?

பிப்ரவரி 18

என் கைதான். வேதாரண்யத்திலிருந்து அப்பா கேனில் அனுப்பிய குஞ்சுகளைத் தொட்டியில் விடும்போது, கேன் தண்ணீரில் ஒரு குவளை மொண்டு ஊற்றினேன். உயிர்மீனை இடம் மாற்றினால் எங்கள் வீட்டில் அப்படித்தான். யோசிக்கக்கூட இல்லை. கடல்தண்ணீரில் சாதாரணப் பாக்டீரியா இல்லாமலா இருக்கும்? சனியன் பிடித்த கை.

போனில் அப்பா சிரித்தார். "ஊர்த்தண்ணி ஊத்தாம விட்டா மிரண்டு செத்துப்போயிடும் பாப்பா. வேற என்ன பண்ணுவே?"

அதுவும் நிஜம். ஊற்றினால் சோதனை கெடும், ஊற்றாவிட்டால் மீன் சாகும்.

மேடத்திடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி. கடைசித் தடவை."

மார்ச் 3

புதுக் குஞ்சுகளோடு அப்பாவே பஸ்ஸில் வந்துவிட்டார். குவளையை நான் விடவில்லை. ஊர்த்தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, காற்றடித்து, பிறகு ஊற்றினேன். குஞ்சுகளையும் சுத்தமான உப்புநீரில் அலசியே விட்டேன்.

"மீனுக்குக் கஷாயமா?" என்றார் அப்பா. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகியும் கிளம்பவில்லை. குஞ்சுகள் நீந்துவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 12

ஒன்றுகூடச் சாகவில்லை. நன்றாகத் தின்கின்றன.

மார்ச் 21

இருட்டறையில் முதல் தொட்டி நீலமாக மினுங்கியது. இரண்டாவதில் மீன்கள் துள்ளுகிற சத்தம் மட்டும். கண் பழகட்டும் என்று காத்திருந்தோம். பழகிய பிறகும் ஒன்றும் தெரியவில்லை. மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே ஓடிவந்து அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். "இருட்டா இருக்குப்பா! ஒரே இருட்டு!"

"ஐயையோ, கரண்டு போயிடுச்சா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி உள்ளே போனபோது மேடம் கமிட்டிக்கான தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். பழைய தலைப்பைத்தான் எழுதியிருந்தார்.