பன்னிரண்டு வீட்டுக் கூரை

ஜூன் 15, ஞாயிறு

ஹட்டனில் இந்த மாடிவீட்டை வாங்கி எட்டு மாதமாகிறது. மேல்மாடி என்பதால் கூரை ஒழுகுவது எனக்கு மட்டும்தான். காலையில் ஒரு கடிதம் எழுதி, எங்கள் கட்டடச் சங்கச் செயலாளர் சிவகுமாரிடம் கொடுத்தேன். "தயவுகூர்ந்து கூரையைத் திருத்தித் தருமாறு" என்று எழுதியிருந்தேன். நாங்கள் இருந்த லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டில், தகரக் கூரை ஒழுகினால் அப்பா தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று அப்படித்தான் கேட்பார். அந்த வீடு தோட்டத்துடையது; சுவரில் ஆணி அடிக்கவும் கேட்டாக வேண்டும்.

சிவகுமார் வாசித்துவிட்டுச் சிரித்தார். "யாருகிட்ட டீச்சர் கேக்குறீங்க? கூரைக்குச் சொந்தக்காரங்களே நீங்கதான். நம்ம பன்னெண்டு வீடும்தான்."

வீடு வாங்கிய உறுதிப் பத்திரத்தில் அது இருந்தது. கூரை, படிக்கட்டு, கீழே உள்ள நிலம் எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு. வாசித்தேன்தான். சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மத்தியானக் கூட்டத்தில், எல்லாரும் சேர்ந்து திருத்துவது என்று முடிவானது. சம்மதப் படிவத்தில் முதல் கையெழுத்து கீழ்வீட்டு குசுமா அக்காவுடையது. அவர் வீட்டில் ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. "கூரை எனக்கும்தானே," என்றார், சிங்களவரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில்.

அடுத்தது நான். 'உரிமையாளர்' என்று அச்சிட்டிருந்ததற்குக் கீழே என் பெயர். கையெழுத்திடாமல் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். பேனா எழுதவில்லை என்று பொய் சொன்னேன்.

இப்போதும் வாளியில் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. படுத்தபடி அண்ணாந்து பார்க்கிறேன். ஒழுகுவது என் கூரை.