வழியில் நிற்காத நாள்

என் செல்ல மகளே,

நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று, ரியாத்தில் இருந்தபடியே நீ சேர்த்துவிட்டாயே, அந்தப் புராண, நாட்டார் கதை ஆன்லைன் வகுப்பு இன்று முடிந்தது. உன் அம்மா பாஸ். ரத்தம் குடிக்கும் அஸ்வாங் பேயைப் பற்றி நான் எழுதியதுதான் வகுப்பிலேயே நீளமான கட்டுரையாம்.

கடைசியாக லியாண்ட்ரோ சார், "மார்க் கிடையாது, சும்மா சொல்லுங்க. உங்க வீட்ல இன்னும் விடாம செய்யிற நம்பிக்கை எது?" என்று கேட்டார். நான், நம் ஊர் 'பக்பக்' வழக்கம் என்றேன். சாவுக்குப் போனால் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது நின்றுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார்.

ஜொவெலின் என்று உன் வயதுப் பெண் ஒருத்தி, வாயாடி. "அப்போ உங்க வீட்டுக்காரர் அடக்கத்தன்னிக்கு நீங்க எங்க நின்னீங்கம்மா? பொய் சொல்லக் கூடாது!" என்றாள்.

"பேக்கரியில. ரெண்டு பன்னு வேற தின்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

அடக்கம் முடிந்த அன்று போனில் உனக்கும் இதையேதான் சொன்னேன். பேக்கரியில் இறங்கியது உன் அத்தைகள்தான். நான் தலைவலி என்று சொல்லி, டிரைசிக்கிள் வண்டிக்காரரை நேரே வீட்டுக்கு விடச் சொன்னேன். கோபப்படாதே. கதவை அகலத் திறந்து, உன் அப்பா நுழைவதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். சாரல் உள்ளே அடித்தது. அப்படியும் வெகுநேரம் சாத்தவில்லை.

உன் அம்மா