பிறக்கும் முன்னே குத்திய அம்மை

அப்பா,

படையலுக்காக உங்கள் அம்மாவின் படத்தைத் துடைக்கக் கழற்றினேன். பின் அட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்புத் தாள் விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மை குத்திய சீட்டு. உங்கள் பெயர், வயது ஆறு மாதம். தேதியைப் பார்த்தேன். உங்கள் பிறப்புப் பத்திரத்தின்படி நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை!

ஆறு வருஷம் இதற்காகத்தானே அலைந்தோம். லூனாஸ் தோட்டத்திலிருந்த ஸ்காட்லாந்துச் சின்னத்துரைதான் உங்கள் அப்பா என்று உங்கள் அம்மா சாகும்வரை சொன்னார். ஊர் நம்பவில்லை, உங்கள் பூனைக்கண்ணை மட்டும் கேலி செய்தது. துரையுடையது பிரபுப் பட்டம் பெற்ற குடும்பம். வம்சாவளிப் புத்தகம் ஒன்றில் மூன்று மகன்கள், இன்னொன்றில் நான்கு. பிள்ளையில்லாமல் இறந்தவனை முதல் புத்தகம் சேர்க்கவே இல்லை என்று நான் கண்டுபிடித்தபோது எப்படிச் சிரித்தீர்கள்! "நமக்குத்தான் பேரு விட்டுப்போகும்னு நெனச்சேன். துரைக்கும் அப்படித்தான் லா!"

அந்த நான்காமவன் மலாயாவில் இறந்த தேதியும் இரண்டாவது புத்தகத்தில் இருந்தது. பாவி நான், உங்கள் சூராட்டை, அந்தப் பிறப்புப் பத்திரத்தை, எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்பா, அவரு செத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நீங்க பொறந்திருக்கீங்க."

"அப்ப எங்கம்மா பொய் சொல்லிட்டாங்களா?"

"சூராட் பொய் சொல்லுமாப்பா?"

அதன்பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு உங்கள் அம்மாவுக்குப் படைக்கவும் விடவில்லை. தை பிறக்குமுன் போய்விட்டீர்கள்.

எனக்குத் தெரியாததா? தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சூராட் வயசு ஒன்று, சொந்த வயசு ஒன்று. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பிள்ளைகளை மொத்தமாகச் சேர்த்துப் பதிவார், பதிகிற வருஷத்தையே பிறந்த வருஷமாகப் போடுவார். திகாம் பத்து ஊரில் இருக்கும் அத்தைக்கே மூன்று வருஷம் வித்தியாசம். துரைமார் புத்தகங்களைத் துருவித் துருவிச் சந்தேகப்பட்ட எனக்கு, நம் வீட்டுக் காகிதத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே!

உங்கள் அப்பா யாரென்று இந்தச் சீட்டு சொல்லாது. துரை இறந்து நான்காம் மாதம் போட்ட சீட்டு இது; அவர் இறந்தபோது நீங்கள் இரண்டு மாதக் கைக்குழந்தை, அவ்வளவுதான் சொல்கிறது. அதற்காகத்தானே ஏங்கினீர்கள்! ஐயோ அப்பா, இதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? சூராட் பொய் சொல்லுமா என்று கேட்டேனே, சொல்லியிருக்கிறதே!

நாளை படையல். உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் இரண்டு இலை போடுகிறேன். சீட்டை உங்கள் இலையோரம் வைக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்து இலைக்காரரிடம் நீங்களே முதலில் பேசுங்கள், அப்பா. எனக்கு அவர் முகத்தில் விழிக்க முடியாது.